ஒற்றைக் காலில் நின்ற பதினாறு பேர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதைவிடச் சீக்கிரம் வருவது சோம்பல். உடற்பயிற்சி அறிவியலில் முதுகலை இரண்டாம் ஆண்டுக்கு வந்ததும், ஆளுக்கொரு ஆய்வு செய்து ஏடாகச் சமர்ப்பிக்க வேண்டும் என்றார்கள். நான் அதிகம் யோசிக்கவில்லை. விளையாட்டு வீரர்களின் தூக்கத்தைப் பற்றி இரண்டு பக்கத்தில் ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். கல்லூரியில் கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் நீட்டி, டிக் அடிக்கச் சொல்லி வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒரு வாரத்தில் தகவல் சேர்க்கிற வேலை முடிந்தது. மிச்ச மாதங்கள் முழுக்க என் தோழியின் ஆய்வுக்கு எடுபிடியாக இருந்தேன். நீ என்ன ஆய்வு செய்தாய் என்று இன்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவளுடையதுதான்.

அவள் வண்டியூரிலிருந்து வருவாள். வீட்டில் சௌராஷ்டிரா பேசுவார்கள். அம்மாவோடு அவள் போனில் பேசும்போது 'பஸ்', 'டிபன்' தவிர எனக்கு ஒரு வார்த்தை விளங்காது. அப்பா தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருந்தார். யார் யாருடைய ஆய்வேடுகளுக்கோ அட்டை போட்டுக் கொடுத்தவர். மகளுடையதற்கு என்று அரக்கு நிறத்தில் நல்ல ரெக்ஸின் ஒன்றை முதல் வருடமே வெட்டி, பீரோவுக்கு மேல் சுருட்டி வைத்துவிட்டாராம். நான் மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, விவசாயக் குடும்பம். படிப்புக்காக ஒத்தக்கடையில் மூன்று பேர் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கியிருந்தோம்.

அவள் எடுத்துக்கொண்டது கணுக்கால். கபடி ஆடுகிற பெண்களுக்குக் கணுக்கால் பிசகுவது சளி பிடிப்பது மாதிரி. ஒரு முறை பிசகிய கால் மறுபடியும் பிசகும். தினமும் பத்து நிமிடம் ஒற்றைக் காலில், கண்ணை மூடி, மடித்த சாக்கின் மேல் நின்று பழகினால் கால் உறுதிப்படுமா என்று அவள் பார்க்க விரும்பினாள். மேலூர் ரோட்டில் இருந்த ஒரு பெண்கள் கல்லூரியின் கபடி அணி ஒத்துக்கொண்டது. பதினாறு பேர். சீட்டு எழுதிக் குலுக்கி எட்டு எட்டாகப் பிரித்தாள். முதல் எட்டுப் பேர் எட்டு வாரம் அந்தப் பயிற்சியைச் செய்வார்கள். மற்ற எட்டுப் பேர் வழக்கமான ஆட்டப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்வார்கள். கடைசியில் முதல் குழு மட்டும் முன்னேறியிருந்தால் அது பயிற்சியின் பலன். எட்டு வாரம் முடிந்ததும் இரண்டாவது குழுவுக்கும் சொல்லித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவளுக்கு இதில் மதிப்பெண்ணுக்கு மேலும் ஒன்று இருந்தது. வெளியூரில் ஒரு விளையாட்டு விடுதியில், பெண் பிள்ளைகளுக்கான பயிற்சியாளர் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இந்தப் பருவத்துக்குள் படிப்பை முடித்த சான்றைக் கொடுக்க வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அடிபட்ட பிள்ளைகளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு மறந்துபோகிற மைதானங்களைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அந்த வேலையை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையிலேயே வைத்திருந்தாள்.

முதல் அளவெடுப்பு மைதானத்தின் ஓரத்தில் நடந்தது. தரையில் ஒரு புள்ளியிலிருந்து எட்டுத் திசைக்கும் கோடு இழுக்க வேண்டும். நடுவில் ஒற்றைக் காலில் நின்று, மறு காலை ஒவ்வொரு கோட்டின் மேலும் எவ்வளவு தூரம் நீட்ட முடிகிறது என்று அளக்க வேண்டும். சாக்பீஸ் அந்த மண்ணில் எடுபடவில்லை. அவள் மறுநாள் ஒரு டப்பா கோலப்பொடியோடு வந்து, கயிறு பிடித்து எட்டுக் கோடுகளை இழுத்தாள். கபடிப் பிள்ளைகள் சுற்றி நின்று சிரித்தார்கள்.

"என்னக்கா, மார்கழி வந்துருச்சா? பூசணிப்பூ வைக்கலியா?"

"முதல்ல நில்லு. அப்புறம் உன் தலையில வைக்கிறேன்," என்றாள் அவள்.

ஒவ்வொரு திசைக்கும் மூன்று முறை. ஊன்றிய காலின் குதி கொஞ்சம் எழும்பினாலும் அந்த முறை செல்லாது. எனக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். "ஒரு சென்டிமீட்டர்தானடி, போட்டு விடு," என்பேன். "குதி எந்திரிச்சத நீயும் பாத்த, நானும் பாத்தேன். மறுபடி," என்பாள். குரலை உயர்த்தவே மாட்டாள். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

எங்களிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. தினமும் மைதானத்தில் நடந்ததை நான் அதில் எழுத வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். அவள் எனக்கு வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. 'இன்று எல்லோரும் சோர்வாக இருந்தார்கள்' என்று ஒரு நாள் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, 'மூன்று பேர் பயிற்சிக்கு நடுவில் உட்கார்ந்தார்கள்' என்று என்னையே எழுத வைத்தாள். வாத்தியார் வேலை பார்க்காதே என்று சண்டை போட்டேன். ஆனால் திரும்பப் படித்தபோது அவள் எழுதச் சொன்னதுதான் சரியாக இருந்தது. அதையும் அவளிடம் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

நான்காவது வாரம் ஒரு நாள் காலையில், டவுனுக்குப் போக ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்சம் தள்ளிக் கபடி அணியிலிருந்து மூன்று பேர் நின்றிருந்தார்கள். என்னை அவர்கள் கவனிக்கவில்லை. ஒருத்தி மட்டும் தோளில் பையோடு, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. அவள் முந்தின வருடம் கணுக்கால் பிசகி ஆறு வாரம் ஆடாமல் இருந்தவள். சீட்டுக் குலுக்கலில் இரண்டாவது குழுவில் விழுந்தவள். பயிற்சியைச் செய்யவே கூடாத குழு அது. பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் முதல் குழு.

"இடுப்ப வளைக்காதடி. முட்டிய லேசா மடக்கு. மூச்ச அடக்காத," என்று ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். அச்சு அசலாக என் தோழியின் வார்த்தைகள்.

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். இரண்டாவது குழுவும் இதைச் செய்கிறது என்றால் இரண்டு குழு என்பதே கிடையாது. சொன்னால் அவள் அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவாள், எனக்கு நிச்சயமாகத் தெரியும். வேறு அணி தேடி, மறுபடி எட்டு வாரம் என்றால் பருவம் தாண்டிவிடும், வேலையும் போய்விடும். ஒருத்திதானே, ஒரு நாள்தானே, விளையாட்டாகச் செய்திருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று மாலை நோட்டில், 'பதினாறு பேரும் வந்தார்கள். தரை காய்ந்திருந்தது' என்று மட்டும் எழுதிவிட்டு மூடினேன்.

எட்டாவது வாரம் மறுபடி கோலப்பொடி போட்டு அளந்தோம். முதல் குழு நன்றாக முன்னேறியிருந்தது. இரண்டாவது குழுவும் ஏறக்குறைய அதே அளவுக்கு முன்னேறியிருந்தது.

அவள் முதலில் சந்தேகப்பட்டது அளக்கும் டேப்பை. பழைய டேப், இழுபட்டிருக்கும் என்று புதிது வாங்கினாள். அப்பா கடையின் இரும்பு ஸ்கேலை வைத்து இரண்டையும் சரிபார்த்தாள். பிறகு கோடுகளைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் தன்னையே சந்தேகப்பட்டாள். "நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன். ரெண்டாவது குரூப்புக்குக் கண்ண மூடிக்கிட்டுத் தாராளமாப் போட்டிருக்கேன்," என்றாள். பதினாறு பேரையும் கூப்பிட்டு மூன்று நாளில் திரும்ப அளந்தாள். எண்கள் மாறவில்லை. மூன்றாம் நாள் அவள் கொண்டுவந்த டிபன் பாக்ஸை அவள் திறக்கவே இல்லை. அதைப் பார்த்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

டீக்கடை பெஞ்சில் வைத்துச் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எப்போ பாத்த?"

"நாலாவது வாரம்."

"அன்னிக்கி நோட்டுல என்ன எழுதின?"

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தாள். பதினாறு பேரும் வந்தார்கள், தரை காய்ந்திருந்தது. கீழே முக்கால் பக்கம் வெறுமையாக இருந்தது.

"உன் வேலை போயிரும்னுதானடி சொல்லல," என்றேன். என் தப்பை மறைக்கக் குரலை உயர்த்தினேன். அது என் பழக்கம். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. ரெண்டாவது குரூப்புல ரொம்ப நல்லாச் செஞ்ச மூணு பேர எடுத்துரு. ஊருக்குப் போயிட்டாங்க, பாதியில நின்னுட்டாங்கன்னு எழுதிக்கலாம். வித்தியாசம் வந்துரும். யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த மூணு பேரும் ஒரு நாள்கூட லீவு போடல. வராதவங்கன்னு அவங்களையா எழுதச் சொல்ற?" என்று மட்டும் கேட்டாள். டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். அன்று ரூமுக்குத் திரும்பி நடந்தபோது எனக்கு அவள் மேல் பொல்லாத கோபம். அந்தக் கோபம் முழுவதும் என் மேல்தான் என்பது புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

மறுநாள் காலையில் அவளாகவே போன் செய்து, "ஹாஸ்டலுக்குப் போறேன். வாரியா?" என்றாள். போனேன். அந்தப் பிள்ளைகள் தங்கியிருந்த விடுதிக்குள் நாங்கள் ஒரு நாள்கூடப் போனதில்லை. மைதானத்தில் பார்ப்போம், அளப்போம், திரும்பிவிடுவோம். உள்ளே போனால் அறைக்கு நான்கு பேர். எந்த அறையை எட்டிப் பார்த்தாலும் இரண்டு குழுவும் கலந்திருந்தது. குலுக்கிப் போட்ட சீட்டுக்கு இவர்களுடைய அறையும் கட்டிலும் எப்படித் தெரியும்?

பதினாறு பேரும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்து யாரும் நிமிரவில்லை. அவள் மெதுவாகக் கேட்டாள். கேப்டன்தான் பதில் சொன்னாள்.

"ஆமாக்கா. நாங்கதேன் சொல்லிக் குடுத்தோம்."

"செய்யக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே."

"சொன்னீங்கக்கா. மொத வாரம் நாங்களும் இவங்களுக்குத் தெரியாம மறச்சு மறச்சுத்தேன் செஞ்சோம்." அவள் பஸ் ஸ்டாப்பில் நான் பார்த்த பெண்ணைக் காட்டினாள். "போன வருசம் இவ காலு வீங்கி ஆறு வாரம் ஒக்காந்திருந்தா. பாத்ரூமுக்கு நாங்கதேன் தூக்கிட்டுப் போவோம். இப்ப காலுக்கு நல்லதுன்னு ஒண்ணு தெரிஞ்சிக்கிட்டு, இவள ரூமுல வச்சுக்கிட்டே நாங்க மட்டும் செஞ்சா அது எப்பிடிக்கா?"

பிறகு அந்தப் பெண், தலையைக் குனிந்தபடி, "எங்களால உங்க படிப்பு வீணாப் போச்சாக்கா?" என்று கேட்டாள்.

நான் தோழியின் முகத்தைப் பார்த்தேன். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தரையில் அவர்களுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

"வீணெல்லாம் போகல. நான் எழுத நெனச்சத எழுத முடியாது, அம்புட்டுத்தான். ஒரே ரூமுல இருக்கிறவங்கள ரெண்டாப் பிரிச்சது என் தப்பு. இப்ப ஒவ்வொருத்தரா சொல்லுங்க. யாரு யாருக்குச் சொல்லிக் குடுத்தீங்க? எங்க வச்சு? எம்புட்டு நேரம்?"

அப்புறம் பேச்சு கொட்டியது. குளிக்கிற இடத்தில் வரிசையில் நிற்கும்போது செய்தார்களாம். பல் தேய்க்கும்போது, மெஸ்ஸில் தட்டோடு நிற்கும்போது, படிப்பு நேரத்தில் வார்டன் அந்தப் பக்கம் திரும்பும்போது. முதல் குழு எங்கள் கண் முன்னால் மைதானத்தில் பத்து நிமிடம். எங்களுக்குத் தெரியாமல் அதற்கு மேலும். சிலர் தப்பாகக் கற்றுக்கொண்டு தப்பாகவே செய்திருந்தார்கள். அவள் அத்தனையையும் எழுதினாள். பன்னிரண்டு பக்கம் வந்தது. எட்டு வாரம் கஷ்டப்பட்டதெல்லாம் கண் முன்னால் கவிழ்ந்து கிடக்கும்போது ஒருத்தியால் இவ்வளவு பொறுமையாகக் கேள்வி கேட்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. அன்றைக்கு அவள் மேல் எனக்கு வந்த மதிப்பு அதற்குப் பிறகு ஒரு நாளும் குறையவில்லை.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "புதுசா ஆரம்பிக்க டைம் இல்லம்மா. உள்ளதை உள்ளபடி எழுதிக் குடு, நான் கையெழுத்துப் போடுறேன். ஆனா வெளியிலிருந்து வர்ற தேர்வாளர் இதை ஏத்துக்கலைன்னா அடுத்த பருவம்தான்," என்றார். அவள் சரி என்றாள். பையில் இருந்த கடிதத்தைப் பற்றி அவரிடம் அவள் சொல்லவே இல்லை.

எழுதி முடித்த ஏட்டைப் பிழை பார்க்க என்னிடம் கொடுத்தாள். நான்காவது அத்தியாயத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். 'இரண்டாம் குழுவினர் பயிற்சி செய்வதை ஆய்வு உதவியாளர் நான்காவது வாரத்திலேயே பார்த்தும் குறிப்பேட்டில் பதிவு செய்யவில்லை.' எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"என் மானத்த வாங்குறதுக்கு இம்புட்டு அழகாத் தமிழ் எழுதணுமாடி?" என்று கத்தினேன். "மூணு மாசமா உனக்கு டேப்பு புடிச்சிருக்கேன்!"

"உன் பேரு போடலியே."

"எல்லாருக்கும் தெரியும், அது நான்தான்னு."

"நடந்ததுதானே," என்றாள். "என் தப்பு மூணு பக்கம் இருக்கு. உன்னது ஒரு வரி."

இரண்டு வாரம் நான் அவளோடு பேசவில்லை. அவள் அப்பா அந்த அரக்கு ரெக்ஸினில் ஐந்து பிரதிகள் பைண்டிங் செய்து, தங்க நிற எழுத்து போட்டுக் கொடுத்தார். அதையும் நான் மற்றவர்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

வாய்மொழித் தேர்வு அன்று பின் வரிசையில் போய் உட்கார்ந்தேன். பேசாமல் இருந்தாலும் போகாமல் இருக்க முடியவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் கபடி அணி முழுவதும் வந்து நின்றிருந்தது. தேர்வாளர் நரைத்த தலை, தடித்த கண்ணாடி. ஏட்டை அவர் நிஜமாகவே படித்திருந்தார் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் நீட்டிக்கொண்டிருந்த காகிதத் துண்டுகளிலிருந்து தெரிந்தது. எனக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை.

"சரி, உங்க முடிவு என்ன? இந்தப் பயிற்சி உதவுதா?"

"தெரியல சார். ரெண்டு குழுவும் செஞ்சதால, முன்னேற்றம் பயிற்சியாலதான்னு என்னால சொல்ல முடியாது. ஏன் சொல்ல முடியலைங்கிறத நாலாவது அத்தியாயத்துல எழுதியிருக்கேன். அடுத்து செய்யிறவங்க ஒரே விடுதியில ரெண்டு குழு வைக்கக் கூடாது."

"இதை எழுதாம விட்டிருந்தா யாருக்குத் தெரியும்?"

"பதினாறு பிள்ளைங்களுக்குத் தெரியும் சார். எனக்கும் தெரியும்."

அவர் காகிதத் துண்டு இருந்த ஒரு பக்கத்தைத் திருப்பினார். "உதவியாளர் பார்த்தும் எழுதலைன்னு போட்டிருக்கீங்க. யார் அது?"

அவள் நேராக அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அவர் காத்திருந்தார். நான் எழுந்து நின்றேன்.

"நான்தான் சார்."

அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"ஏன் எழுதல?"

"எழுதினா அவளுக்கு வேலை போயிரும்னு பயந்தேன் சார். அத எழுதாததுனாலதான் அவ மூணு நாளு அளந்தவங்களையே திரும்பத் திரும்ப அளந்துக்கிட்டு இருந்தா. தப்பு என்னோடது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உக்காரும்மா," என்றார். பிறகு பேராசிரியையிடம் குனிந்து ஏதோ சொன்னார். என் தோழியிடம், "இந்த நாலாவது அத்தியாயத்தை என் மாணவர்களுக்குப் படிக்கக் குடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த விளையாட்டு விடுதியில் அவள் சேர்ந்து இப்போது மூன்று வருடம் ஆகிறது. பிள்ளைகள் அடிபட்டால் உட்கார வைத்துவிட்டு மறப்பதில்லை என்று போனில் சொல்வாள். நான் ஆனையூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. என் பிள்ளைகளைப் பற்றி நானும் தினமும் எழுதுகிறேன்.

ஆனால் அன்று, அறையை விட்டு வெளியே வந்ததும், வேப்பமரத்தடியில் பதினாறு பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டு கத்தித் தீர்த்தார்கள். நான் தள்ளி நின்றேன். சத்தம் அடங்கியதும் அவள் என்னிடம் வந்தாள். நன்றி என்றோ மன்னிப்பு என்றோ ஒரு வார்த்தை இல்லை. பையிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்து, நான்காவது வாரத்துப் பக்கத்தைத் திறந்து பேனாவோடு நீட்டினாள். என் வரிக்குக் கீழே அந்த முக்கால் பக்கம் அப்படியே காலியாக இருந்தது.

"இன்னிக்குத் தேதி போட்டு எழுது," என்றாள்.

மரத்தடியிலேயே உட்கார்ந்து எழுதினேன். 'ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்பில் இரண்டாம் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் ஆய்வு கெடும் என்று தெரியாமல் பயிற்சி செய்தாள்.' அவள் என் தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள்.

"அவளுக்குத் தெரியாதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்? அது நீ நெனச்சது. ஒத்தக் கால்ல, கண்ண மூடி நின்னா. பக்கத்துல ரெண்டு பேரு சொல்லிக் குடுத்தாங்க. நீ பாத்தது அம்புட்டுத்தான."

நான் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.